நவதாராளவாதம்: கலிகாலத்துக்கு இன்னொரு பெயரா?

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரில் பிற்பகல் நேரத்தில் ஏதாவது ஒரு தெருவுக்குள் நடந்துபாருங்கள். திண்ணையிலும் வாசல்நடையிலும் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக நறுக்கி, தூள் நிரப்பி, உருட்டி, முனை மடக்கி, நூல் கட்டுவதுவரை கை ஓய்வதில்லை. வாய் பக்கத்து வீட்டோடு பேசிக்கொண்டிருக்கும். கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போனால், கடைக்காரர் கழித்ததுபோக மிச்சம் கணக்கில் ஏறும். கம்பெனி முதலாளியை இவர்கள் பார்த்ததில்லை. வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. வீடுதான் தொழிற்கூடம். கரண்டுச் செலவும் முதுகுவலியும் அவரவர் பொறுப்பு. கொடுத்த இலை போதவில்லை என்றால் கைக்காசு போட்டு வாங்கிச் சரிக்கட்ட வேண்டும்.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மானிடவியல் படித்த ஒருவரிடம் இந்தக் காட்சியைக் காட்டினால் பெரும்பாலும் ஒரு சொல்லில் விளக்கம் வந்துவிடும்: நவதாராளவாதம். உழைப்பு சிதறிக் கிடக்கிறது, நட்டமெல்லாம் தொழிலாளி தலையில், மேற்பார்வைக்கு ஆள் இல்லாமலே தன்னைத் தானே விரட்டிக்கொள்ளும் பெண். அந்தச் சொல்லுக்குப் பாடநூல்கள் சொல்லும் அடையாளங்கள் ஒன்றுவிடாமல் பொருந்துகின்றன. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பெண்களின் பாட்டிமாரும் இப்படித்தான் சுற்றினார்கள்.

பீடித் தொழிற்கூடங்களில் வேலை நிலைமையை ஒழுங்குபடுத்தச் சென்னை மாநில அரசு 1958இல் ஒரு சட்டம் போட்டது. கூடத்துக்குச் சட்டம் வந்ததும் தொழில் கூடத்தை விட்டு வீட்டுக்குள்ளும் காண்டிராக்டர் கைக்கும் நகர்ந்தது. 1966இல் மத்திய அரசின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று அது ஒப்புக்கொண்டது. அதை நடைமுறைப்படுத்தும் பேச்சு எழுந்ததும் மங்களூர் கணேஷ் பீடி 1968இல் கண்ணூர்ப் பக்கத்துக் கிளைகளைச் சாத்தியது. வேலையிழந்தவர்கள் சேர்ந்து மறு ஆண்டு தொடங்கியதுதான் தினேஷ் பீடிக் கூட்டுறவு. சட்டம் செல்லாது என்று போட்ட வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. ஆக, வீட்டுக்கு வேலையைத் தள்ளிவிடும் இந்த ஏற்பாடு, ஐந்தாண்டுத் திட்டங்களும் லைசென்ஸ் ராஜ்ஜியமும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், தொழிலாளர் சட்டத்துக்குத் தப்ப முதலாளிகள் பிடித்த வழி. பின்னால் வந்த ஒன்று முன்னால் நடந்ததற்குக் காரணமாவது எப்படி?

இந்தக் கேள்வியிலிருந்துதான் அந்தச் சொல்லின் வரவுசெலவைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் தமிழில் அது பிறந்த கோலம். தாராளம் என்றால் நமக்குக் கையை விரித்துக் கொடுப்பது. 'தாராள மனசு' என்பது பாராட்டு. மானியத்தை வெட்டு, செலவைக் குறை என்று சொல்லும் ஒரு கொள்கைக்குத் தமிழில் 'புதிய வள்ளல்தனம்' என்பதுபோல ஒரு பெயர் வாய்த்திருக்கிறது. தொழிற்சங்க மேடைகளில் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லிச் சொல்லி அந்த விநோதம் நம் காதுக்கு மரத்துப்போனது. மேலைநாட்டு வரலாறு இதைவிட நேரானது. 1938இல் வால்டர் லிப்மனை முன்னிட்டுப் பாரிஸில் கூடிய ஒரு கூட்டத்தில் அந்தப் பெயர் அடிபட்டது. 1947இல் ஹாயக் முதலானோர் மாண்ட் பெலரின் சங்கத்தைக் கூட்டினார்கள். 1973க்குப் பின் பினோசேயின் சிலி, 1979இல் தாட்சர், அடுத்து ரீகன், உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கடன்கார நாடுகளுக்கு விதித்த சீரமைப்புகள், 1991 ஜூலையில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் என்று கொள்கையாக அது நடந்த தடம் தெளிவாகவே இருக்கிறது. யார் எழுதினார், யார் கையெழுத்திட்டார் என்று கேட்டால் பதில் உண்டு.

மானிடவியலுக்குள் அது பெருக்கெடுத்தது 2000க்குப் பிறகு. ஜீன், ஜான் கொமரோஃப் இருவரும் தென்னாப்பிரிக்காவை வைத்து எழுதியதும், புவியியலாளர் டேவிட் ஹார்வியின் 2005ஆம் ஆண்டுச் சுருக்க வரலாறும், ஐவா ஓங் 2006இல் எழுதிய நூலும், 1978-79இல் ஃபூக்கோ நிகழ்த்திய உரைகள் அச்சாகி ஆங்கிலத்துக்கு வந்ததும் சேர்ந்து ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் கையில் அந்தச் சொல்லைக் கொடுத்தன. கொடுத்த வேகத்தில் அது உருவழிந்தது. போவாஸ், கான்ஸ்-மோர்ஸ் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள், 1990க்கும் 2004க்கும் இடையில் வந்த 148 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்து 2009இல் எழுதினார்கள்: பெரும்பாலானவர்கள் சொல்லுக்கு வரையறை தருவதில்லை, ஏறக்குறைய எல்லோரும் அதை ஒரு வசவாகவே பயன்படுத்துகிறார்கள். 'நான் ஒரு நவதாராளவாதி' என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் கிடைப்பது அரிது.

2012இல் மான்செஸ்டரில் மானிடவியலாளர்கள் இதை ஒரு பட்டிமன்றமாகவே நடத்தினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டைப் புரிந்துகொள்வதற்கு இந்தக் கருத்தாக்கம் இடைஞ்சலாகிவிட்டது என்பது தீர்மானம். ஜேம்ஸ் லெய்ட்லாவும் ஜொனாதன் மேரும் ஆதரித்துப் பேசினார்கள். தாமஸ் ஹிலாண்ட் எரிக்சனும் கீர் மார்ட்டினும் எதிர்த்தார்கள். 2015இல் அது அச்சில் வந்தபோது தொகுத்தவர் சௌம்யா வெங்கடேசன். கீழப்பாவூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் களஆய்வு செய்த இடம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள பத்தமடை. அங்கே கோரைப்பாய் நெய்யும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களோடு இருந்து 2009இல் ஒரு நூல் எழுதினார். கைவினைஞர், மரபு, தேசம் என்று டெல்லி அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் கட்டிய கதைகள் பத்தமடைப் பாய்க்குள் எப்படிப் பின்னப்பட்டன என்பதை அந்த நூல் பிரித்துக் காட்டுகிறது. 'சந்தை வந்தது, மரபு செத்தது' என்ற ஒற்றை வரியில் அடங்காத விஷயம் அது. பாயின் கதையைப் பொறுமையாகக் கேட்டவர் பெருஞ்சொல் பற்றிய விவாதத்தைத் தொகுத்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சொல்லை எப்படியெல்லாம் கையாள்கிறார்கள் என்று ஜேம்ஸ் ஃபெர்குசன் 2010இல் வெளியான கட்டுரையில் தரம் பிரித்தார். தனியார்மயம், கட்டற்ற வணிகம் போன்ற குறிப்பிட்ட கொள்கைத் தொகுப்பு ஒன்று. பணக்கார வர்க்கம் இழந்த பிடியைத் திரும்பப் பெறும் திட்டம் என்று ஹார்வி சொல்வது இன்னொன்று. அரசு விலகி நின்று, மக்கள் தம்மைத் தாமே ஒரு சிறு கம்பெனிபோல நடத்திக்கொள்ளப் பழக்கும் ஆட்சிக்கலை என்று ஃபூக்கோ வழியில் சொல்வது மூன்றாவது. இவற்றோடு, முதலாளித்துவம் என்று எழுதினால் பழையதாகத் தெரியுமே என்று அதற்குப் பதிலாகப் போடும் சோம்பல் பிரயோகமும் உண்டு. முதல் மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒரே கட்டுரையில் முதல் பக்கத்தில் ஒன்றும் பத்தாம் பக்கத்தில் மற்றொன்றும் தலைகாட்டும்போதுதான் குழப்பம்.

வர்க்கத் திட்டம் என்ற பொருளைத் தள்ளிவிட முடியாது. அதற்குச் சான்று கேட்கலாம், சான்றும் கிடைக்கும். மூன்றாவது பொருள்தான் ஊருக்குள் வந்ததும் கால் இடறுகிறது. சிறுகடன் வந்து கிராமத்துப் பெண்ணைக் கணக்குப் பார்க்கும் ஆளாக, தன்னைத் தொழில்முனைவோராக நினைப்பவளாக மாற்றிவிட்டது என்று ஒரு வாதம் நிறைய அச்சேறியது. சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் நபார்டு திட்டம் 1992இல் வந்தது. அதற்கு முன்னரே 1989இல் தர்மபுரியில் தமிழக அரசு குழுக்களைத் தொடங்கியிருந்தது. ஆனால் கணக்குப் பார்ப்பதற்கு நம் பெண்களுக்கு நபார்டு வர வேண்டியிருந்ததா? எந்த வீட்டிலும் பரணில் ஒரு மொய் நோட்டு இருக்கும். யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு செய்தார், திரும்ப எவ்வளவு செய்தாயிற்று, பாக்கி என்ன என்பது இரண்டு தலைமுறைக்கு எழுதிவைத்திருக்கும். வருவாய் அலுவலகம் அப்படி ஒரு பதிவேட்டைப் பராமரித்தால் ஊர் உருப்பட்டுவிடும்.

தமிழகத்தில் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர்கள் இசபெல் கெரானும் அவரோடு வேலைசெய்த சந்தோஷ் குமாரும் கோ. வெங்கடசுப்பிரமணியனும். கடன்பட்ட பெண்ணைப் பற்றிய இவர்களின் நூல் 2023இல் வந்தது. சிறுகடன் இவர்கள் பார்த்த பெண்களைத் தொழிலதிபர் ஆக்கவில்லை. அதை வாங்கி இதை அடைத்து, இதை அடைக்க வேறொன்றை வாங்கி, 'ரொட்டேஷன்' என்று அவர்களே பெயரிட்ட ஒரு ஓயாத உழைப்பில் அது போய்ச் சேர்ந்துகொண்டது. குழுக்கடன், நகைக்கடன், வட்டிக்காரர், தம்பி, நாத்தனார் எல்லாம் அதில் அடக்கம். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்டால் மானம் போகும் என்பதைத் தீர்மானிப்பது சாதியும் உறவும் பெண்ணின் ஒழுக்கம் பற்றிய ஊர்ப்பேச்சும். இதைப் படித்த பிறகு 'நவதாராளவாதத் தன்னிலை' என்ற தொடரைப் போட்டால் அந்த நூலில் உள்ள முக்கால்வாசி விஷயம் வெளியே நிற்கும்.

பீடியிலும் இதேதான். நெல்லைச் சீமைப் பீடிப் பெண்களைப் பற்றி மீனா கோபால் 1999இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. கூலி வேலை கைக்கு வந்தும் பெண்ணுக்கு அதிகாரம் வரவில்லை என்பது அதன் சாரம். வீட்டு வேலைக்கு இடையில், வீட்டுக்குள் இருந்தபடி, 'வெளியே போகாத நல்ல பிள்ளை' என்ற பெயரோடு செய்யும் வேலை என்பதாலேயே அதன் கூலி அடிமட்டத்தில் கிடக்கிறது. சம்பந்தம் பேசும்போது பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதை விளக்கச் சிகாகோப் பொருளியல் வரை போக வேண்டியதில்லை.

கொமரோஃப் இணையர் தென்னாப்பிரிக்காவில் பேய்க்கதைகளும் பணம் பெருக்கும் திட்டங்களும் பெருகியதை இக்காலத்து முதலாளித்துவத்தின் அறிகுறியாகப் பார்த்தார்கள். உழைக்காமல் செல்வம் வரும் என்ற மயக்கம். 2012இல் பெருந்துறை ஈமு கோழி விவகாரம் வெடித்தபோது நமக்கும் அதே விளக்கம் கச்சிதமாகத் தோன்றியது. ஆனால் 1906இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்து ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம் போனது. அந்தச் சூட்டில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பேராசைக்கு ஒரு புதிய யுகம் தேவைப்படவில்லை. ஓங்கின் கருத்து இதைவிட எச்சரிக்கையானது: நவதாராளவாதம் எங்கும் ஒரே சீராகப் பரவும் வெள்ளமில்லை, அரசுகள் சில இடங்களில் மட்டும் விதிவிலக்காகத் திறந்துவிடும் மடை. சிறப்புப் பொருளாதார மண்டலங்களைப் பார்க்க இது உதவும். நாங்குநேரி மண்டலம் நெடுங்காலம் முள்காடாகக் கிடந்ததை எந்தக் கோட்பாட்டில் சேர்ப்பது என்பது வேறு கேள்வி.

கீழப்பாவூர்ப் பெரியகுளத்துக் கரையில் நின்றால் இன்னொரு பாடம். அரசு தன் கடமையைச் 'சமூகப் பங்கேற்பு' என்ற பெயரில் மக்கள் தலையில் கட்டுவது நவதாராளவாதத்தின் கைரேகை என்று ஆய்வுகள் சொல்லும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி, பாசன விவசாயிகள் சங்கங்களே குளங்களைத் தூர்வார வழிசெய்தபோது அந்த விளக்கம் தயாராக இருந்தது. ஆனால் குளத்து வேலைக்கு ஊர்க்காரர்களைக் கட்டாயமாக இழுக்க ஆங்கிலேய அரசு 1858இலேயே சட்டம் போட்டது. குடிமராமத்துச் சட்டம் என்று அதற்குப் பெயர். பராமரிப்புச் செலவைக் குறைக்க நினைத்த அரசு, அது அந்தக்காலத்திலிருந்தே ஊர் வழக்கம்தான் என்று ஒரு மரபை எடுத்துக் காட்டியது. சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை வைத்து டேவிட் மாஸ் 2003இல் எழுதிய நூல் இதை விரிவாகச் சொல்கிறது. குளத்தைக் காத்த 'ஊர்' என்பது சாதி மேலாண்மையும் ஜமீன் மரியாதையும் கலந்த அதிகார ஏற்பாடு. ஒற்றுமையான சமூகம் என்பது பின்னால் வரைந்த படம். 1858இலும் 2017இலும் ஒரே காரியம் நடந்தால், 1970களுக்குப் பிறகான கொள்கையைக் குறிக்கும் கருத்தாக்கம் எதை விளக்குகிறது? இரண்டாவது முறை அது ஏன் மறுபடி கைகொடுத்தது என்பதை வேண்டுமானால் விளக்கலாம். அதுவே உருப்படியான கேள்வி.

ஃபெர்குசனிடம் எனக்குப் பிடித்தது அவர் தரம் பிரித்ததோடு நிற்காதது. தென்னாப்பிரிக்காவில் ஏழைகளுக்கு நேரடியாகக் காசு கொடுக்கும் திட்டங்களைப் பார்த்து, இதை வலதுசாரிச் சரக்கு என்று ஒதுக்கலாமா என்று கேட்டார். மில்டன் ஃப்ரீட்மனே 1962இல் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு பணம் தரும் ஒரு முறையை முன்மொழிந்தவர்தான். கருவி ஒருவர் பட்டறையில் செய்ததாக இருக்கலாம். அதை எதற்கு, எதன் இடத்தில் வைக்கிறோம் என்பதே முக்கியம் என்பது ஃபெர்குசன் கட்சி. தானமும் கூலியும் அல்லாத, நாட்டின் செல்வத்தில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய பங்கு என்று 2015இல் ஒரு நூலில் அதை வளர்த்தார்.

தமிழ்நாடு அந்தச் சிந்தனைக்கு ஒரு பெயரே வைத்துவிட்டது. 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் திட்டம், அப்போது சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 'உதவித்தொகை' என்று பழக்கப்பட்ட இடத்தில் 'உரிமைத் தொகை' என்று வந்தது. பீடி சுற்றும் அக்காவுக்கும் அது வருகிறது. காசை நேராக வங்கிக் கணக்கில் போடுவது, தகுதி பார்த்து வடிகட்டுவது (ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள்) எல்லாம் உலக வங்கி மெச்சும் வழிமுறைகள். அதே ஊரில் ரேஷன் அரிசி எல்லா அரிசி அட்டைக்கும் விலையில்லாமல் போகிறது. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தின் சலுகையை ஏழைகளை நோக்கிச் சுருக்கியபோது தமிழகம் உடன்படவில்லை. காசு வந்ததால் அரிசி நிற்கவில்லை. ஆக இதை நவதாராளவாதம் என்பதா, அதற்கு எதிர் என்பதா? தாராளமயம் முழுவீச்சில் இருந்த 2003இல், தனியார் கையிலிருந்த மதுபானச் சில்லறை வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்ட மாநிலம் இது. டாஸ்மாக்கை அடக்கும் அளவுக்கு இன்னும் ஒரு கோட்பாடு வரவில்லை.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோ அலுவலகத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு நிறுவனமே உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து வேலைக்கு எடுக்கிறது. அரசு செய்ய வேண்டிய கல்வியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று ஒருவர் எழுதலாம். பங்குச்சந்தைக்குப் போகாமல், வெளி முதலீட்டை ஏற்காமல், நகரத்தோடு நிற்காமல் கிராமத்துக்கும் வந்த நிறுவனம் எப்படி நவதாராளவாதம் ஆகும் என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டு வாதமும் ஒரே அளவு வலுவோடு நிற்கின்றன என்றால், தகராறு அந்த அலுவலகத்தைப் பற்றியதாகவே இல்லை.

அப்படியானால் சொல்லையே தூக்கி எறிந்துவிடலாமா? மான்செஸ்டர் தீர்மானத்தை ஆதரித்தவர்களோடு அந்த இடத்தில் நான் போக மாட்டேன். பீடியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. உற்பத்தியாகும் பீடிக்கு ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட மானியம் என்று நடத்தினார்கள். கடைசியில் அந்தத் தீர்வை ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். முதலாளியின் சரக்கிலிருந்து தொழிலாளியின் பிள்ளைக்குப் போன காசு அது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது, வரி எல்லாம் ஒன்றாக வேண்டும் என்ற நியாயத்தில் அது ஒழிந்தது. பீடிக்கு 28 சதவீதம் வரி வந்தது. நலநிதி பொது பட்ஜெட்டின் தயவுக்குப் போனது. அடுத்து, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் ஒன்று 1966ஆம் ஆண்டுச் சட்டத்தையே தன்னுள் கரைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறை. தொழில் தொடங்குவோருக்கு எளிமை என்ற ஒரு கொள்கை, அதை எழுதிய குழுக்கள், நிறைவேற்றிய தேதி, ஒழிந்த தீர்வை, அதனால் பாதிக்கப்படும் இந்தத் திண்ணை எல்லாவற்றையும் இங்கே ஒரே கயிற்றில் கட்ட முடியும். இங்கே அந்தச் சொல்லைச் சொன்னால் அது வேலை செய்கிறது.

அப்போதும் பீடி சரிவதை முழுக்க அதன் கணக்கில் எழுத முடியாது. 2016 முதல் கட்டின் மேல் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் வந்தது பொதுச் சுகாதாரக் கொள்கையால். தட்டைப் பிடிக்க மறுத்துக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள் போவது தாய்மாரின் பிடிவாதத்தால். பீடி சுற்றிய காசுதான் பல வீடுகளில் அந்தக் கல்லூரிக்குக் கட்டப்பட்டது. தீர்வை ஒழிந்தது, எச்சரிக்கைப் படம் வந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனது என்ற இந்த மூன்றையும் ஒரே பெயரில் மூட்டை கட்டினால், எதை எதிர்ப்பது எதை வாழ்த்துவது என்று தெரியாமல் போய்விடும்.

பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்தாலும், சிற்றாற்றில் தண்ணீர் வராவிட்டாலும், பேரன் சொல்பேச்சுக் கேட்காவிட்டாலும் எங்கள் பெரியவர்கள் "எல்லாம் கலிகாலம்யா" என்று சொல்லி வெற்றிலையை மடிப்பார்கள். அவர்களுக்கு அது பேச்சை முடிக்கும் வழி. ஆய்வாளருக்கு அது பேச்சைத் தொடங்கும் இடமாகவே இருக்க முடியாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ இந்தப் பகுதியைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சொல்லை முதல் அத்தியாயத்தில் எழுதாதீர்கள். ஒரு பீடிக்கடையின் பற்றுவரவு நோட்டை 2017க்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். படிப்பு உதவி எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைக்கு வந்தது, எப்போது நின்றது என்று வீடு வீடாகக் கேளுங்கள். கேட்டு முடித்த பின்னும் அந்தச் சொல் தேவைப்பட்டால், கடைசி அத்தியாயத்தில் எழுதிக்கொள்ளலாம்.